குடியிருப்புக்கு நடுவே ஒரு ஸ்டூடியோ: தெருவுக்கு முதலில் எதைச் செய்வது?

சென்னை சாலிகிராமம் பக்கம் இரண்டு ஃப்ளோர் (படப்பிடிப்புக் கூடம்) வைத்து சினிமா ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம். அக்கம்பக்கத்துக்கும் ஊருக்கும் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்யணும். ஒருத்தர் சோலார் போடுங்க என்கிறார், ஒருத்தர் மழைநீர் என்கிறார், என் மகன் இந்த இடத்தையே விட்டுட்டு ஊருக்கு வெளியே போயிடலாம் என்கிறான். எதை எடுக்கிறது?"

இது அவர் ஒருவருடைய குழப்பம் இல்லை. கோடம்பாக்கத்திலிருந்து வளசரவாக்கம் வரை ஆற்காடு சாலையை ஒட்டி இருக்கும் ஸ்டூடியோக்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. ஏவிஎம் காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு வந்த 1948இல் இந்தப் பக்கம் பெரும்பாலும் தோப்பும் வயலும்தான். இன்று மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு மாடி வீடுகள். சுவரை ஒட்டிய படுக்கையறையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆக, ஸ்டூடியோ என்ன செய்தாலும் அது முதலில் அந்தச் சுவருக்கு அப்பால் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

ஒன்று, இன்று தெருவுக்கு இருக்கும் எந்தத் தொல்லை இதனால் குறைகிறது? இரண்டு, பணம் யார் போடுகிறார், மிச்சம் யாருக்குப் போகிறது? இதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் பெரும்பாலும் தயாரிப்பாளர் கணக்கு; மின் இணைப்பு, கூரை, கிணறு எல்லாம் ஸ்டூடியோ கணக்கு. ஸ்டூடியோ முதலீடு செய்து மிச்சம் தயாரிப்பாளருக்குப் போனால், இரண்டாவது வருடமே அந்தத் திட்டத்தைக் கவனிக்க ஆள் இருக்காது. மூன்று, பலன் எத்தனை நாளில் தெரியும்? நான்கு, படப்பிடிப்புக்கு இடைஞ்சல் உண்டா? ஐந்து, இடம் நாளைக்குக் கைமாறினாலும் அந்த நன்மை நிற்குமா?

ஐந்திலும் முதல் கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருகிறேன். ஸ்டூடியோ தானே உண்டாக்கும் தொல்லையைக் குறைத்த பிறகுதான் மற்ற நல்ல காரியங்களுக்கு வர வேண்டும். ராத்திரி பூராவும் புகை விட்டுவிட்டு, ஜூன் மாதம் மரக்கன்று கொடுத்தால் தெருவில் யாரும் மனதார வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கணக்குக்காக ஒரு மாதிரி ஸ்டூடியோவை வைத்துக்கொள்வோம். இரண்டு ஃப்ளோர், ஒவ்வொன்றும் 100 அடிக்கு 80 அடி, ஷீட் கூரை, லாரி நிற்க சிமெண்ட் போட்ட முற்றம், ஒரு பழைய கிணறு.

## ஜெனரேட்டரைக் குறைப்பது

மின் இணைப்பு இருக்கும்போதே ஏன் ஜெனரேட்டர் வண்டி வருகிறது? மூன்று காரணம். ஸ்டூடியோவின் இணைப்பு பெரிய விளக்குகளைத் தாங்காது. ஷாட் நடுவே கரண்ட் போய்விடுமோ என்ற பயம். லைட் யூனிட்டை வாடகைக்கு எடுக்கும்போதே ஜெனரேட்டரும் சேர்ந்து வருகிற பழக்கம். முதல் இரண்டுக்கும் தீர்வு உண்டு. மூன்றாவதுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு நாள் படப்பிடிப்பில் சராசரியாக 30 கிலோவாட், பத்து மணி நேரம் என்று வைத்தால் 300 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதனால் நாளைக்கு 90 முதல் 100 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போகிறது. வணிக மின் இணைப்பில் யூனிட் பத்து ரூபாயைச் சுற்றி என்று வைத்தாலும் அதே 300 யூனிட்டுக்கு மூவாயிரம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். கரியமில வாயுவை மட்டும் பார்த்தால் இந்த மாற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ; ஆக நாளைக்கு 250 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம் என்பதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, 300 யூனிட்டுக்கு 210 கிலோ. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: புகையும் சத்தமும் அந்தத் தெருவை விட்டுப் போகின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு. சத்தத்தை அடக்கும் கூண்டோடு வரும் ஜெனரேட்டருக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை அனுமதி. மதிலை ஒட்டி அதை நிறுத்தினால் பக்கத்து வீட்டு ஜன்னலில் 45 வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

கரியமில வாயு உண்மையாகவே குறைவது எல்இடிக்கு மாறும்போதுதான். பழைய 2 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கு செய்யும் வேலையை, மென்மையான வெளிச்சத்துக்கு, 400 வாட் எல்இடி பேனல் ஒன்று ஏறக்குறைய செய்துவிடும். பன்னிரண்டு விளக்கை மாற்றினால் 24 கிலோவாட் ஐந்துக்குள் வந்துவிடுகிறது. ஃப்ளோரில் சூடு குறைவதால் ஏசி செலவும் குறையும். இதற்கும் எல்லை உண்டு. ஜன்னல் வழியே வெயில் அடிக்கிற மாதிரி காட்சிக்கு ஒளிப்பதிவாளர் பெரிய எச்எம்ஐ (பகல் வெளிச்சம் தரும் சக்திவாய்ந்த விளக்கு) கேட்பார், கேட்பது நியாயம்தான். மலிவான எல்இடியில் ஸ்லோ மோஷன் எடுத்தால் ஃப்ளிக்கர் வரும், முகத்தின் நிறமும் மாறித் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: மின் இணைப்பின் திறனைக் கூட்டினால், படப்பிடிப்பே இல்லாத மாதத்திலும் அதற்கான நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். மாதத்தில் ஐந்தாறு நாள் மட்டும் ஃப்ளோர் போகிற ஸ்டூடியோவுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்கள் ஜெனரேட்டரைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்தி, புகைக்குழாயை மேலே உயர்த்தி, இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று விதி வைப்பதே போதும். சீரியல் செட் நிரந்தரமாக நிற்கும் ஃப்ளோர் என்றால் கணக்கு தலைகீழ். தினமும் ஓடும் இடத்தில் போட்ட பணம் திரும்பி வரும். மிச்சம் தயாரிப்பாளருக்கே போகாமலிருக்க, மின்சாரத்தை யூனிட் கணக்கில் அளந்து, டீசலை விடக் குறைவான ஒரு விலைக்குக் கொடுத்தால் இரு பக்கத்துக்கும் ஆதாயம்.

## கூரையில் சோலார்

பார்வைக்கு எடுப்பானது இதுதான். பத்திரிகையில் படம் வரும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும். ஒரு ஃப்ளோரின் 8,000 சதுர அடி ஷீட்டில் பாதியைப் பயன்படுத்தினால் 40 கிலோவாட். சென்னை வெயிலில் கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று வைத்தால் 160 யூனிட். படப்பிடிப்பு நாளின் தேவையில் பாதி.

ஆனால் பழைய ஃப்ளோர்களின் கூரை எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். மேலே ஷீட், உள்ளே விளக்குத் தொங்கும் பாரம். அதன் மேல் பேனல் எடையும் காற்றின் இழுப்பும் சேரும்போது கூரையைத் தாங்கும் சட்டம் (டிரஸ்) தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதில் துளை போடவே கூடாது. முதலில் கூரையை மாற்ற வேண்டும், அந்தச் செலவு சோலார் செலவோடு போட்டி போடும். நைட் கால்ஷீட்டுக்கு வெயில் கிடையாது. படப்பிடிப்பு இல்லாத நாளில் மின்வாரியத்துக்குக் கொடுக்கலாம் என்றாலும், வீட்டு இணைப்புக்கு இருக்கும் சலுகைகள் வணிக இணைப்புக்கு அப்படியே கிடையாது.

தெருவுக்கு என்ன நன்மை என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. ஊருக்கு உண்டு, நாட்டுக்கு உண்டு. அதனால் இது தப்பான வழி என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வருடத்து வேலை. எல்இடிக்கு மாறித் தேவை குறைந்த பிறகு போட்டால் அதே 160 யூனிட் இன்னும் அதிகத் தூரம் வரும். எடிட்டிங், டப்பிங் தியேட்டர் மாதிரி தினமும் பகலில் ஏசி ஓடும் கட்டடமும், காங்கிரீட் மாடியும் இருந்தால் மட்டும் முதல் வருடமே போடலாம்.

## மழைநீரும் கழிவுநீரும்

என் கணக்கில் செலவுக்கு மிக அதிகப் பலன் இதில்தான்.

சென்னையில் வருடத்துக்கு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். நம் இரண்டு ஃப்ளோர் கூரையும் சேர்த்து சுமார் 1,480 சதுர மீட்டர். வழிந்தும் ஆவியாகியும் போவது போக எண்பது சதவீதம் பிடித்தாலும் பதினாறு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 130 லாரிக்கு மேல். இது இப்போது ஆற்காடு சாலை மழைநீர் வடிகாலுக்கும், விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய்க்கும் போய், கீழே இருக்கும் தெருக்களில் முழங்கால் தண்ணீராக நிற்கிறது.

இதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அவ்வளவையும் தொட்டியில் பிடிக்க முடியாது. நிலத்துக்குள் விட வேண்டும். அந்தப் பழைய கிணறு இருக்கிறதே, அதுதான் இங்கே சொத்து. கூரைத் தண்ணீரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பினால் போதும். இந்தப் பகுதியில் மேலே களிமண் அடுக்கு இருக்கும் மனைகளில் மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டுவது வீண் வேலை. தண்ணீர் இறங்கவே இறங்காது. களிமண்ணைத் தாண்டி மணல் வரும்வரை உறைக்கிணறு இறக்க வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் போட்ட பல குழிகள் பயனில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தடி நீருக்கு மதில் சுவர் கிடையாது. ஸ்டூடியோ கிணற்றில் இறங்கும் தண்ணீர் பக்கத்து வீட்டு போரிலும் ஏறும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட 2019 கோடையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது அளவுகோலிலும் இது நன்றாகவே நிற்கிறது. கிணற்றை மூடாத வரைக்கும் இடம் கைமாறினாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு, அதை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். செட் வேலை முடிந்த சாயங்காலம் முற்றத்துக் குழாயடியில் போய் நின்று பாருங்கள். பெயிண்டர்கள் பிரஷ்ஷும் டப்பாவும் கழுவுவார்கள். மோல்டிங் ஆட்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்த பக்கெட்டை அலசி ஊற்றுவார்கள். அது பால் மாதிரி வெள்ளையாக ஓடி வடிகால் வாயில் நின்று, தண்ணீருக்குள்ளேயே இறுகிவிடும். கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குப் போனால் நன்மை செய்யப் போய்த் தெருவின் தண்ணீரையே கெடுத்த கதையாகிவிடும். கூரைத் தண்ணீருக்குத் தனிக் குழாய், முற்றத்துத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால், கழுவும் இடத்துக்கு இரண்டு அறை கொண்ட ஒரு தெளிவுத் தொட்டி: இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மழைக் காட்சி எடுக்கும் ஃப்ளோர் என்றால் இன்னொன்றும் சேரும். கோடையில், தெருவில் குடத்தோடு காத்திருப்பவர்கள் பார்க்க லாரி லாரியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. கீழே விழும் தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து, வடிகட்டி, மறுபடி மேலே ஏற்றினால் லாரிகளின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். நடிகர்கள் நனையும் தண்ணீர் என்பதால் வடிகட்டுவதோடு குளோரினும் போட வேண்டும்.

## செட் பொருள்களை மறுபடி பயன்படுத்துவது

பிளைவுட், ரீப்பர், துணி, ஃபைபர், தெர்மாகோல், பிளாஸ்டர். செட் பிரிக்கும் நாளில் இவையெல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். எடுத்துப் போகிறவர் நல்ல பலகையை மட்டும் எடுப்பார். மீதி எங்கோ ஒரு காலி மனையில் எரியும். பெயிண்ட் அடித்த மரத்தையும் தெர்மாகோலையும் எரிக்கும் புகை உடம்புக்கு மிகவும் கெடுதல். "விறகுக்குக் கொடுத்துடுங்க" என்று டீக்கடைக்குக் கொடுப்பதும் அதே கெடுதல்தான்.

இங்கே சிக்கல், செட் ஸ்டூடியோவின் சொத்து கிடையாது, தயாரிப்பாளருடையது. பிரிக்கக் கொடுக்கும் நாள் குறைவு, ஆணி பிடுங்கக் கூலி உண்டு, அடுக்கி வைக்கக் கொட்டகை வேண்டும், கரையானும் தீயும் பயம். கோடம்பாக்கத்து நில விலையில் ஒரு கொட்டகைக்கு இடம் ஒதுக்குவதுதான் உண்மையான செலவு. அதனால் கதவு, ஜன்னல், தூண், ஒரே அளவில் அடித்த சுவர்ப் பலகை என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சாமான்களை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மீதியை வகை பிரித்துக் கொடுத்தால் போதும். ஆர்ட் டிபார்ட்மெண்ட்டில் தச்சர்கள் சொல்வதைக் கேளுங்கள்: ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டால் பிரிக்கும் நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விளம்பரப் படம் அதிகம் எடுக்கும் ஃப்ளோருக்கு இதுதான் முதல் வேலை, ஏனென்றால் அங்கே இரண்டு மூன்று நாளைக்கு ஒரு செட் எழும்பி விழுகிறது. சீரியல் ஃப்ளோருக்கு இது கடைசி.

## அக்கம்பக்கத்து ஆட்களுக்கு வேலை

இதை எல்லோரும் சொல்கிறார்கள், செய்வது கடினம். லைட்மேன், செட் அசிஸ்டென்ட், மேக்கப் எல்லாமே ஃபெப்சி என்ற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்த சங்கங்களின் வழியாகத்தான். தெருப் பையன் ஒருவனை நேராகக் கூட்டி வந்து லைட் தூக்க விட முடியாது. சங்கத்தைத் தாண்டிச் செய்வது நியாயமும் இல்லை, ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். ஸ்டூடியோ நேரடியாகச் செய்யக்கூடியது கேன்டீன், காவல், தோட்டம், துப்புரவு, அலுவலக வேலைகள். நூறு பேர் சாப்பிடும் சமையலைப் பகுதியிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தாலே பணம் தெருவுக்குள் சுழலும். வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் வந்துவிட்டால் குப்பையும் குறையும்.

## ஊருக்கு வெளியே நகர்வது

வாசகரின் மகன் சொன்னதில் காரணம் இருக்கிறது. இடம் தாராளம், சத்தத்துக்குக் கேட்பார் இல்லை. ஹைதராபாத்துக்கு வெளியே ராமோஜி ஃபிலிம் சிட்டி 1996இல் அப்படித்தான் எழுந்தது. பூந்தமல்லிப் பக்கம் திரைப்பட நகரம் அமைக்கப்போவதாக நம் அரசும் அறிவித்திருக்கிறது.

ஆனால் ஸ்டூடியோ போன பிறகு தெருவுக்கு என்ன மிஞ்சும்? விஜயா வாஹினி இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் ஓட்டலும் மாலும் இருக்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ பேச்சுவழக்கில் ஒரு மேம்பாலத்தின் பெயராக மட்டும் மிஞ்சியது. மரமும் மண்ணும் கிணறும் இருந்த மனை, அடித்தளம் தோண்டிய அடுக்குமாடியானால் மழைநீர் இறங்க இடமே இருக்காது. இன்னொரு பக்கம், தொழிலாளர்கள் சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கத்திலேயே இருப்பார்கள். நடந்தோ சைக்கிளிலோ வந்த இருநூறு பேர் இனி வேனில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போய்வர வேண்டும். அதிகாலை வீட்டை விட்டால் நள்ளிரவில் திரும்புவார்கள். வெளியே போவதும் நிரந்தரம் இல்லை: 1994இல் தரமணியில் திரைப்பட நகரம் தொடங்கியபோது அது ஊரின் ஓரம், சில வருடங்களிலேயே ஐடி நிறுவனங்கள் அதைச் சுற்றி வளைத்துவிட்டன.

பிரம்மாண்டமான வெளிப்புற செட், வெடிக் காட்சி, கார் துரத்தல் என்றே தொழில் நடத்துபவர்கள் போகட்டும். அவை குடியிருப்புக்கு நடுவே இருக்கவே கூடாது. இரண்டு மூடிய ஃப்ளோர் வைத்திருப்பவர் போக வேண்டியதில்லை. வடபழனியில் 2015இலிருந்தே மெட்ரோ ஓடுகிறது. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லித் தடத்தில் சாலிகிராமத்துக்கும் நிலையம் உண்டு. இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, மண்ணை மூடாமல் வைத்திருப்பதையே நான் ஒரு பெரிய சேவை என்பேன்.

## ஒரே பார்வையில்

| வழி | தெருவுக்கு நேரடிப் பலன் | பணம் போடுபவர் / மிச்சம் பெறுபவர் | பலன் தெரியும் காலம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஜெனரேட்டரைக் குறைப்பது | மிக அதிகம் | ஸ்டூடியோ / தயாரிப்பாளர் (பேசினால் இருவரும்) | உடனே | நிலைக் கட்டணம், நல்ல எல்இடி வாடகை |
| சோலார் | குறைவு | ஸ்டூடியோ / ஸ்டூடியோ | சில வருடம் | கூரையைப் பலப்படுத்துவது |
| மழைநீர், கழிவுநீர் | அதிகம் | ஸ்டூடியோ / ஸ்டூடியோவும் தெருவும் | அடுத்த மழைக்காலம் | தெளிவுத் தொட்டி, வருடாந்தர தூர்வாரல் |
| செட் பொருள் | நடுத்தரம் | தயாரிப்பாளரும் ஸ்டூடியோவும் | சில மாதம் | கொட்டகை இடம், கூலி |
| உள்ளூர் வேலை | நடுத்தரம் | ஸ்டூடியோ, தயாரிப்பாளர் / தெரு | சில மாதம் | சங்கத்தோடு பேசும் நேரம் |
| நகர்வது | சத்தம் போகும், மண்ணும் வேலையும் போகும் | ஸ்டூடியோ / நிலத்தை வாங்குபவர் | பல வருடம் | தொழிலாளர் பயணம் |

## அந்த வாசகருக்கு என் பதில்

உங்கள் ஃப்ளோர்கள் மாதம் இருபது நாளுக்கு மேல் ஓடினால் மின் இணைப்பும் எல்இடியும் முதலில். கிணறு அதே வருடம் செப்டம்பருக்குள். நாள் குறைவாக ஓடினால் கிணறு முதலில். ஜெனரேட்டருக்கு இடமாற்றமும் நேரக் கட்டுப்பாடும் போதும். வாடகை இடத்தில் ஸ்டூடியோ நடத்துபவர் கூரையிலும் நிலத்திலும் பணம் போடத் தயங்குவார், அது இயல்பு. அவருக்கு செட் பொருளும் சாப்பாட்டு ஏற்பாடும்தான் சரியான தொடக்கம்.

யாராக இருந்தாலும், பணம் செலவழிப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. ஃப்ளோர் புக்கிங் படிவத்தில் நாலு வரி சேருங்கள். கேரவனும் லாரியும் உள்ளேதான் நிற்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஜெனரேட்டர் கிடையாது. பெயிண்ட் கழுவ ஒதுக்கிய இடத்தில் மட்டும் கழுவ வேண்டும். செட் பிரிக்க ஒரு முழு நாள் வாடகையில் சேர்ந்தே இருக்கும். கையெழுத்து வாங்குவதற்கு முன் அந்த நாலு வரியை புரொடக்‌ஷன் மேனேஜரிடமும் லைட் யூனிட் முதலாளியிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மீறினால் கூப்பிட வேண்டிய உங்கள் ஆளின் எண்ணை மதிலை ஒட்டிய வீடுகளுக்கும் கொடுத்துவிடுங்கள்.